சிவப்புக் கோடு போட்ட மேகசீன்

சேற்றில் விழுந்த மேகசீனை, அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாக் குழாயை, எடுத்துக் கொடுப்பது துப்பாக்கி சுடும் கழகத்து வழக்கம். சுட்டவர் துப்பாக்கியை இறக்கி, காலி என்று காட்டி, உறையில் போடும்வரை யாரும் நகரக் கூடாது. நடுவர் "களம் பத்திரம்" என்று குரல் கொடுத்ததும் மற்றவர்கள் உள்ளே போவார்கள். சிலர் அட்டை இலக்குகளில் விழுந்த ஓட்டைகளுக்குத் துண்டுத்தாள் ஒட்டுவார்கள். ஒருவர், சுட்டவர் ஓட்டத்தில் உதிர்த்துவிட்டுப் போன மேகசீன்களைப் பொறுக்கி, கால்சட்டையில் ஒரு துடை துடைத்து, அவர் கையில் கொடுப்பார். எதிராளியாக இருந்தாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை டெஸ்ஸா பிக்கெட்டின் மேகசீன் வெர்னாவின் காலடியில் கிடந்தது. இரண்டு நாளாக மழை பெய்திருந்தது. ஓக்லஹோமாவின் செம்மண் மழையில் நனைந்தால் மண்ணாக இருப்பதில்லை, பசையாகிவிடும். வெர்னா குனிந்து எடுத்தாள். நீள மேகசீன். சாதாரண மேகசீனைவிட ஒரு விரல் அளவுக்கு நீண்டு, கைப்பிடிக்குக் கீழே வால் மாதிரி தொங்குவது. துப்பாக்கியில் விரும்பிய மாற்றம் செய்துகொள்ளக்கூடிய திறந்த பிரிவில் சுடுகிறவர்களுக்கு மட்டும்தான் அது அனுமதி. ஒரு நீள மேகசீன் நம்பிக்கையாக ஓடினால் நடுவே மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த நேரம் மிச்சம். அது நடுவழியில் தோட்டா சிக்கி இருமினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அதனால் இந்தப் பிரிவில் இருப்பவர்கள் துப்பாக்கியைவிட மேகசீனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார்கள்.

வெர்னா கட்டைவிரலால் அடித்தட்டில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தாள். வெள்ளைச் சாயத்தில் 4 என்று எழுதியிருந்தது. மேலே மூடாத நான்கு. நாற்காலியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அந்த வட்டாரத்தில் அப்படி நான்கு போடுகிற ஆள் ஒருவன்தான். அவன் வெர்னாவின் புருஷன் ஹார்லன்.

"தேங்க்ஸ், மிஸ் வெர்னா" என்று டெஸ்ஸா கையை நீட்டினாள்.

அந்தப் பக்கத்தில் சின்னவர்கள் பெரியவர்களை அப்படிக் கூப்பிடுவது மரியாதை. டெஸ்ஸா வாயிலிருந்து அது வரும்போதெல்லாம் வெர்னாவுக்குத் தலையில் ஒரு முடி கூடுதலாக நரைத்த மாதிரி இருக்கும். மேகசீனைக் கொடுத்தாள். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே நடந்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெர்னாவும் ஹார்லனும் சந்தித்ததே ஒரு மேகசீனால்தான். அவள் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்த காலம். இதே களத்தில் அவள் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியிராத ஒரு ஒல்லி ஆள் வந்தான். மேகசீனை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தோட்டா வெளியே வரும் மேல் வாயின் இரண்டு தகட்டு உதடுகளையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தான். அதன்பிறகு அது அடைக்கவே இல்லை. ஹார்லன் பூ கொடுத்ததில்லை, பிறந்தநாளை ஞாபகம் வைத்ததில்லை, அவள் அம்மா செத்தபோதுகூட முதுகில் ஒரு தட்டு தட்டியதோடு சரி. ஆனால் வருஷா வருஷம் அவளுடைய ஒவ்வொரு மேகசீனையும் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, உதடுகளை அளந்து, தோட்டாவைத் தூக்கும் தகட்டைத் தேய்த்து வழவழப்பாக்கி, அடியில் எண் போட்டுக் கொடுப்பான். இவன் இப்படித்தான் சொல்கிறான் என்று வெர்னா எடுத்துக்கொண்டாள். வேறு வழியில் அவன் எதையும் சொல்லமாட்டான் என்று தெரிந்தபின் அதுவே போதும் என்று ஆகிவிட்டது.

இப்போது அதையே இன்னொருத்திக்கும் சொல்லியிருக்கிறான்.

யோசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டு வந்தது. அவளுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஹார்லனுக்கு எண்ணெய்க் கிணற்று பம்புகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் பகல் வேலை. ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் வெளியே போவார். ஒரே படுக்கை, ஆனால் ஆளுக்கொரு நேரம். போன மாதம் காலையில் வீடு திரும்பியபோது கார் கொட்டகையில் இரண்டாவது முக்காலி ஒன்று ஹார்லனின் வேலை மேசை இடுக்கிக்குப் பக்கத்தில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. பாத்திரத் தொட்டியில் இரண்டு காப்பிக் கோப்பை. பக்கத்தில் யார் வீட்டுத் தட்டோ ஒன்று, பீச் பழப் பணியாரம் வைத்த பிசுக்கோடு. பட்டறையில் கூட வேலை பார்க்கிற எவனாவது வந்திருப்பான் என்று விட்டுவிட்டாள். பட்டறை ஆண்கள் பணியாரம் சுட்டுக் கொண்டுவரமாட்டார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

கழகத்துக்கு மாநிலப் போட்டியில் பெண்களுக்கென்று ஒரே ஒரு இடம். வசந்தத்தின் கடைசி ஆட்டத்தில், அதாவது இந்தச் சனிக்கிழமை, யார் முதலில் வருகிறாளோ அவளுக்கு. பல வருஷமாக அது வெர்னாவுடையது, கேள்வியே இல்லை. மூன்று நாள் போட்டி. ஹார்லன் கூட வருவான். நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் அறை எடுப்பார்கள். காலையில் இருவரும் ஒரே நேரத்தில் விழிப்பார்கள். அடுத்தடுத்து நின்று பல் தேய்ப்பார்கள். ராத்திரி ஒரே நேரத்தில் விளக்கை அணைப்பார்கள். வருஷத்தில் அப்படி வாய்ப்பது அந்த மூன்று நாள்தான். முதியோர் இல்லத்தில் அவள் எப்போதோ விடுப்பு சொல்லிவைத்துவிட்டாள். மெடல் பற்றி அவளுக்குப் பெரிய கவலை கிடையாது. அந்த மூன்று நாள் வேண்டும்.

டெஸ்ஸா போன கோடையில்தான் கழகத்துக்கு வந்தாள். கால்நடை மருத்துவரிடம் வேலை. கன்றுக்குட்டியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து இன்னொரு கையால் ஊசி போடுகிறவள். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று பேச்சு. சுடத் தெரிந்தது, ஓடத் தெரிந்தது. மேகசீன்தான் காலை வாரிக்கொண்டிருந்தது. இந்த வசந்தத்தில் திடீரென்று அதுவும் நின்றுவிட்டது. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். வெர்னாவும்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேகம் கொஞ்சம் விலகியது. நடுவர் லூதர் காலையிலேயே புகை அடுப்பில் மாட்டு நெஞ்சுக்கறியைப் போட்டிருந்தான். அவனே வெட்டி, ரொட்டிக்கு நடுவே வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. கறியை நீட்டும்போது யாரையாவது சீண்டாமல் நீட்டமாட்டான்.

"வெர்னா, இந்த வருஷம் உனக்கு ஊறுகாய் சேத்து வெச்சிருக்கேன். தோக்கறவங்களுக்கு உப்புச்சப்பு வேணும்ல?"

"எவ்வளவு வித்தியாசம்?" என்றாள்.

லூதர் உமியைத் துப்பிவிட்டு, பலகையில் புள்ளிகளைப் பார்த்துச் சொன்னான். டெஸ்ஸா ஒரு நூலிழை முன்னால். கடைசிக் களத்தில் யார் தடுக்காமல் ஓடுகிறாளோ அவளுக்குத்தான் இடம்.

ஹார்லன் தங்கள் வண்டியின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். வெர்னா பக்கத்தில் உட்கார்ந்தாள். டெஸ்ஸாவுடைய மேகசீனில் உன் எழுத்தைப் பார்த்தேன் என்றாள். ஹார்லன் மென்றதை விழுங்கும்வரை காத்திருந்தான். அவனுக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"கேட்டா. செஞ்சு குடுத்தேன்."

"எப்ப?"

"சாயங்காலம். நீ வேலைக்குப் போனப்புறம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ தூங்கிட்டு இருப்ப. எழுந்தா நான் வேலையில இருப்பேன். எங்க சொல்றது?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வெர்னாவுக்கு இன்னும் எரிந்தது. பொய் சொல்லியிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். மேகசீனைப் பற்றித்தான் என்றான். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் என்றான். அவளும் உதடு அளக்கக் கற்றுக்கொண்டாளா என்று கேட்டாள். ஆமாம், கண்ணு கூர்மை, சொன்னதும் பிடித்துக்கொள்கிறாள் என்றான் ஹார்லன். ஒரு ஆள் தன் குழியைத் தானே தோண்டுகிறான் என்று தெரியாமலே மண்வெட்டியை நல்லா அழுத்துகிற மாதிரி.

வெர்னா இத்தனை வருஷத்தில் உதடு அளக்கக் கற்றுக்கொண்டதில்லை. அவனும் சொல்லித் தந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. அவன் செய்து கொடுப்பதுதானே முக்கியம் என்று இருந்துவிட்டாள். அந்த இரண்டாவது முக்காலியில் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் தலையோடு தலை சேர்த்து, மேகசீனின் வாயை ஒற்றைக் கண்ணால் பார்க்கிற டெஸ்ஸா அவள் கண்முன் வந்தாள். மிச்சக் கறியை லூதருடைய நாய்க்குப் போட்டாள்.

பைக்குள் அவளிடம் இரண்டு நீள மேகசீன் இருந்தன. ஒன்று நல்லது, எண் 1. இன்னொன்று எண் 3. மார்ச் மாதம் ஒரு ஆட்டத்தில் நட்ட நடுவில் அவளைக் கைவிட்டது. ஹார்லன் வழக்கப்படி அதன் அடித்தட்டில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தான். அவளுடைய நகப்பூச்சுதான், அதற்கென்றே ஒரு குப்பி வண்டியின் முன்பலகையில் உள்ள கையுறைப் பெட்டியில் கிடக்கும். ஒருமுறை தடுக்கிய மேகசீனுக்குச் சிவப்புக் கோடு. பயிற்சிக்கு மட்டும், ஆட்டத்துக்குக் கூடாது. தூக்கிப் போடுவதும் கிடையாது. ஹார்லன் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை.

டெஸ்ஸா அந்தப் பக்கமாக வந்தாள். முழங்கால்வரை சேறு, கையில் சேறு பிடித்த மேகசீன். ஒரு தூரிகை கிடைக்குமா என்று கேட்டாள், அவளுடையதை வீட்டிலேயே விட்டுவிட்டாளாம். மழை நாளில் எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் மேகசீனைப் பிரித்துக் கழுவுவார்கள். மண் ஒரு துளி உள்ளே போனாலும் ஸ்பிரிங் தயங்கும், தோட்டா மேலே வர நேரமாகும்.

"இங்க குடு. என்னோடதையும் கழுவணும், சேத்துக் கழுவிடறேன்" என்றாள் வெர்னா.

"ஐயோ, வேணாம் மிஸ் வெர்னா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"குடுடி. போய்ச் சாப்பிடு."

டெஸ்ஸா கொடுத்துவிட்டு, நிஜமாகவே நெகிழ்ந்துபோய், உங்களை மாதிரி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹார்லன் அதற்குள் லூதருக்குக் கடைசிக் களத்தில் இரும்புத் தகடுகளை நிறுத்த உதவப் போயிருந்தான். வண்டியின் பின்பக்கத்தில் வெர்னா மட்டும்.

டெஸ்ஸாவின் மேகசீனைப் பிரித்தாள். அடித்தட்டின் ஊசியை அழுத்தி நகர்த்தினால் கழன்றுவிடும், ஸ்பிரிங் கையில் துள்ளும். குழாய்க்குள் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்தாள். உள்ளே ஹார்லனின் வேலை தெரிந்தது. தகட்டின் ஓரங்கள் கண்ணாடி மாதிரி. உதடுகளின் உட்பக்கம் தேய்த்து, மெருகேற்றி. ஸ்பிரிங் புதுசு, கெட்டியானது. வெர்னாவின் மேகசீன்களில் ஸ்பிரிங் மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குப் போன வருஷத்து ஸ்பிரிங், இவளுக்குப் புதுசு.

பிறகு தன்னுடைய சிவப்புக் கோடு மேகசீனையும் எடுத்துப் பிரித்தாள். அதுவரை அவள் உண்மையிலேயே இரண்டையும் கழுவத்தான் நினைத்திருந்தாள். இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் துணியின்மேல் கிடந்தன. ஒரே கம்பெனி, ஒரே நீளம், ஒரே கறுப்பு. வித்தியாசம் சொல்வது அடித்தட்டு மட்டும்தான். ஒன்றில் கவிழ்ந்த நாற்காலி. இன்னொன்றில் 3, சிவப்புக் கோடு.

ஒரு துண்டுத் துணியைத் துப்பாக்கிக் கரி கழுவும் திரவத்தில் நனைத்துக் கோட்டை ஒரு தேய் தேய்த்தாள். நகப்பூச்சு இளகி வந்துவிட்டது. டெஸ்ஸாவின் நல்ல குழாய்க்குத் தன் 3-ஐப் போட்டாள். தன் கெட்ட குழாய்க்கு டெஸ்ஸாவின் 4-ஐப் போட்டாள். ஊசி டக்கென்று விழுந்தது. முதியோர் இல்லத்தில் எத்தனை பேருக்கு ராத்திரியில் மாத்திரை பிரித்து வைத்த கை.

டெஸ்ஸா வந்ததும் கொடுத்தாள். டெஸ்ஸா வாங்கித் தோட்டா நிரப்பி, அடியில் ஒரு தட்டு தட்டி, காதருகே குலுக்கிப் பார்த்தாள். உள்ளே தோட்டாக்கள் லேசாகக் கலகலத்தன. தலை ஆட்டினாள். அந்தக் குலுக்கலும் ஹார்லனுடையதுதான். வெர்னா கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசிக் களம் நீளமானது. மூன்று சுவர், ஒரு சன்னல், கடைசியில் வரிசையாக இரும்புத் தகடுகள். மேகசீன் மாற்றாமல் முழுவதும் ஓடிவிடலாம், நீள மேகசீன் கைகொடுத்தால். லூதர் சுடும் வரிசையை வாசித்தான். முதலில் டெஸ்ஸா, அவளுக்கடுத்து வெர்னா.

மணி அடித்ததும் டெஸ்ஸா கிளம்பினாள். வெர்னா அட்டைகளைப் பார்க்கவில்லை. அந்தத் துப்பாக்கியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மார்ச்சில் அது எங்கே தடுக்கியது என்று அவளுக்குத் தெரியும். பாதி காலியானபின், வேகம் எடுக்கும்போது. முதல் சுவர் முடிந்தது. இப்போது வரும் என்று நினைத்தாள். சன்னல் முடிந்தது. இப்போது. டெஸ்ஸா சேற்றில் வழுக்கி, சமாளித்து, மூன்றாவது சுவரைச் சுற்றி வந்து இரும்புத் தகடுகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். தகடுகள் விழுந்த சத்தம் ஒரே சீராக இருந்தது, யாரோ படிக்கட்டில் இறங்கிப் போகிற மாதிரி. கடைசித் தகடும் விழுந்தது. மேகசீன் ஒரு இருமல்கூட இருமவில்லை.

லூதர் நேரத்தைச் சொன்னதும் நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஹார்லனும் தட்டினான். ஹார்லன் கை தட்டி வெர்னா பார்த்ததே இல்லை.

என்னவோ அதிர்ஷ்டம் என்று அவள் சொல்லிக்கொண்டாள். பரவாயில்லை. தன் கையில் இருப்பது நல்லது. தனக்கென்று செய்யாவிட்டாலும் ஹார்லன் கையால் செய்தது, புது ஸ்பிரிங் போட்டது. இடுப்பில் தன்னுடைய எண் 1 இருந்தது. ஆனால் துப்பாக்கியில் ஏற்றியது டெஸ்ஸாவுடையதை. டெஸ்ஸாவுக்குக் கிடைத்ததை வைத்தே டெஸ்ஸாவை ஜெயிக்க வேண்டும். அதில்தான் ருசி.

"தயாரா?" என்றான் லூதர். பிறகு, "பொறு."

மணி அடித்தது. முதல் அட்டைகள் சுலபமாக விழுந்தன. கால் லேசாக இருந்தது. சன்னலில் குனிந்து சுட்டபோது தான் முன்னால் இருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. மூன்றாவது சுவரை நெருங்கும்போது துப்பாக்கி இருமியது.

அந்த இருமலை அவளுக்குத் தெரியும். மார்ச்சில் கேட்டது. அப்படியே அதே இருமல். தோட்டா அளவுக்கு மேலே எகிறி, மூக்கு முட்டி, துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு பாதியில் நின்றது. அடியில் தட்டினாள், ஸ்லைடை இழுத்தாள், ஒன்று சுட்டது, மறுபடி நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி. கடைசியில் மேகசீனையே பிடுங்கிச் சேற்றில் எறிந்துவிட்டு, இடுப்பிலிருந்து எண் 1-ஐ எடுத்து ஏற்றினாள். அது தண்ணீர் மாதிரி ஓடியது. தகடுகள் எல்லாம் விழுந்தன. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

துப்பாக்கியை இறக்கிக் காட்டினாள். "களம் பத்திரம்" என்றான் லூதர், தாழ்ந்த குரலில். அவன்கூடச் சீண்டவில்லை.

மேகசீனைப் பொறுக்க ஹார்லன் போனான். சேற்றில் குத்திக்கிடந்ததை எடுத்து வழித்தான். எண்ணைப் பார்த்தான். 3. சிவப்புக் கோடு இல்லை. பிறகு திருப்பி மேல் வாயைப் பார்த்தான், வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணால். தன் கைவேலை அவனுக்குத் தெரியாதா. மற்றவர்கள் ஓட்டைகளுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. வெர்னா மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பியபோது பார்வையை விலக்க முடியவில்லை.

அவன் கிட்ட வந்தான். சத்தம் போடவில்லை.

"இது அவ துப்பாக்கிக்குச் செஞ்சது, வெர்னா. அவ துப்பாக்கிக்குள்ள இருக்கற கொக்கி மேகசீனைக் கொஞ்சம் கீழ வெச்சுப் பிடிக்கும். அதனால உதட்டைத் தூக்கி விட்டேன். உன் துப்பாக்கியில மேகசீன் மேல உக்காரும். இதைப் போட்டா தோட்டா எகிறத்தான் செய்யும்."

மேகசீனின் வாயை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"உன்னோட மூணாம் நம்பரும் கெட்டுப்போனது இல்ல. உனக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான். அவ துப்பாக்கிக்கு அது கச்சிதமாப் பொருந்தும்னு எனக்கு மார்ச்சுலயே தெரியும். குடுத்துடலாம்னுகூட நெனச்சேன். உன் மேகசீனை அவகிட்ட குடுத்தா நீ பொறுக்கமாட்டேன்னு விட்டுட்டேன். அதுக்குத்தான் உக்காந்து புதுசு ஒண்ணு செஞ்சேன்."

ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் குறைக்காமல், பம்பு பழுதைச் சொல்கிற மாதிரி சொன்னான். வெர்னாவுக்கு ஒரு விஷயம் மட்டும்தான் காதில் தங்கியது. அவளுடைய மனசு நோகக் கூடாதென்று இவன் பார்த்த வேலைதான் அந்த இரண்டாவது முக்காலி. அந்தப் புது ஸ்பிரிங். அந்தப் பணியாரத் தட்டு.

ஹார்லன் வண்டிக்குப் போய் டெஸ்ஸாவைக் கூப்பிட்டு அவளுடைய மேகசீனைக் கேட்டான். எல்லாருக்கும் தெரிய, பட்டப்பகலில், பின்கதவின்மேல் வைத்து இரண்டு அடித்தட்டுகளையும் கழற்றி மாற்றிப் போட்டான். கழுவும்போது கலந்துவிட்டது என்றான். இவன் வாயிலிருந்து வெர்னா கேட்ட முதல் பொய் அதுதான், அதையும் அவளுக்காகத்தான் சொன்னான். கேட்டுக்கொண்டு நிற்கும்போது அவளுக்குக் காது சுட்டது.

டெஸ்ஸா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் எதுல சுட்டேன்?"

"வெர்னாவோடதுல."

டெஸ்ஸாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிவந்து சேற்றுக் கையோடு வெர்னாவைக் கட்டிக்கொண்டாள். உங்கள் மேகசீன்தான் எனக்கு ஜெயித்துக் கொடுத்தது மிஸ் வெர்னா என்றாள். என்னுடையதால்தான் உங்களுக்குப் போச்சு, மன்னிச்சுடுங்க என்றாள், கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு. அது நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்தால் தேவலை என்று வெர்னாவுக்கு இருந்தது. அந்தப் பெண்ணின் தலைமுடியில் நாய்க்குட்டி சோப்பு வாசனை அடித்தது. வெர்னா இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றாள். பிறகு, ஹார்லன் பார்க்கிறானே என்று, ஒரு கையைத் தூக்கி அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

லூதர் புள்ளிகளைக் கூட்டி அறிவித்தான். மாநிலப் போட்டி இடம் டெஸ்ஸாவுக்கு. வாழ்த்தெல்லாம் முடிந்து ஆளாளுக்கு வண்டியில் சாமான் ஏற்றும்போது டெஸ்ஸா தயங்கித் தயங்கி வந்து ஹார்லனிடம் கேட்டாள். பெரிய போட்டிக்குப் போனதே இல்லை, மேகசீன் ஏதாவது ஆனால் பார்க்க ஆள் இல்லை, அந்த மூன்று நாள் வருவீர்களா என்று. ஹார்லன் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"வெர்னா வந்தா வர்றேன்."

அவ்வளவுதான் சொன்னான். வெர்னாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பாதை முழுக்கப் பள்ளம். இரண்டு பக்கமும் எண்ணெய்க் கிணற்று பம்புகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. அவள் ராத்திரி வேலைக்குப் போக வேண்டும், அதற்கு முன் கொஞ்சம் கண் அசர வேண்டும். தூக்கம் வரவில்லை. மடியில் எண் 3 மேகசீன். அதன் சொந்தக் குழாய் அதற்கே திரும்பியிருந்தது, கோடு மட்டும் இல்லை.

தான் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஹார்லன் போகமாட்டான், சொன்ன சொல் தவறமாட்டான். அந்த மூன்று நாளும் அவன் பட்டறையில் இருப்பான், அவள் முதியோர் இல்லத்தில். அதே படுக்கை, ஆளுக்கொரு நேரம். போனால் விடுதி அறை உண்டு, விளக்கை ஒரே நேரத்தில் அணைப்பது உண்டு. பகல் முழுக்க டெஸ்ஸா சுட்ட ஓட்டைகளுக்குத் தாள் ஒட்ட வேண்டும். அவள் உதிர்த்ததைச் சேற்றிலிருந்து பொறுக்கிக் கொடுக்க வேண்டும். மிஸ் வெர்னா, மிஸ் வெர்னா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கையுறைப் பெட்டியைத் திறந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்தாள். மேகசீனை முழங்காலில் நிறுத்தி, அடித்தட்டில் கோடு இழுத்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கியது, கோடு கோணலாகப் போய் அவள் கட்டைவிரலிலும் பட்டது.

ஹார்லன் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"அதுக்கு ஏன் கோடு? அதான் அவளுக்கு நல்லா ஓடுதே. உனக்கு அது உதவப் போறதில்ல. மாநிலப் போட்டிக்கு அவகிட்டயே குடுத்துடலாம்."

வெர்னா ஈரக் கோட்டின்மேல் வாயால் ஊதினாள். ஊதி ஊதிக் காய வைத்தாள்.

"நான் வர்றேன்" என்றாள். "மூணு நாளும் வர்றேன். இதைக் குடுக்கமாட்டேன்."

ஹார்லன் கியரை மாற்றினான். வெர்னா மேகசீனைப் பைக்குள் போடவில்லை. மடியிலேயே வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.